புரட்டாசி முடிந்த மறுநாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் புரட்டாசி எப்படி நடக்கும் என்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மாதம் முழுக்க வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. ஞாயிறு தவறாமல் கொல்லையில் இறைச்சி சுடுகிறவன்கூடப் பருப்பும் கீரையும் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவான். பிராந்தி பாட்டில் அலமாரிக்குப் பின்னால் போய்விடும். தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாத பிள்ளையும் இந்த ஒரு மாதத்தை விடுவதில்லை.

மாதம் முடிந்த மறுநாள் இறைச்சிக் கடை வாசலில் வரிசை நிற்கும். போன அக்டோபரில் அந்த வரிசையில் என் தம்பியும் நின்றான். அன்று இரவு ஆட்டுக்கறிப் பிரியாணி, பொரித்த கோழி, நடுவில் 2 லிட்டர் கோலா. நான்காம் நாள் விடியற்காலையில் நெஞ்சு எரிகிறது என்று எழுந்தவன், வாயுத் தொல்லைதான் என்று எதையோ கரைத்துக் குடித்துவிட்டு, சட்டை நனைய வியர்த்தபடி இரண்டு மணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். தாடையும் வலிக்கத் தொடங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. குழாயைத் திறந்து வைக்கும் சிறு கம்பிவலை, ஸ்டென்ட், வைத்தார்கள், பிழைத்தான். வயது 49.

அந்தப் பிரியாணிதான் அடைத்தது என்று நான் சொல்லவில்லை. குழாய்ச் சுவரில் வருடக்கணக்காகப் படிந்த கொழுப்பு அன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்திருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனம்: "நம் ரத்தம் அப்படி. உங்கள் அப்பாவும் இப்படித்தானே போனார்."

ரத்தத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பு அபாயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒன்பதே காரணங்களில் அடங்கிவிடுகிறது என்றது. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவது, உடம்பு அசையாதது, ஒன்பதாவதாக மது அருந்தும் அளவு. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதில் வந்திருந்தது, மற்றவர்களுக்கு 59. காரணம் தேடியபோது, இதே கோளாறுகள் நம்மவர்களிடம் இளம் வயதிலேயே கூடுதலாக இருந்தன.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் தின்றதும் சோறுதான், பருப்புதான். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கரும்பு வெட்டினார்கள். நாம் அவர்கள் தட்டை இரண்டு மடங்காக்கிக்கொண்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டோம். அவர்கள் வெட்டிய சர்க்கரை இப்போது பாட்டிலில் வருகிறது. 100 மில்லி கோலாவில் சுமார் 10 கிராம். 2 லிட்டருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2018இல் அரசு சர்க்கரை பானங்களுக்கு வரி போட்டது. எங்கள் விருந்து மேசையில் பாட்டில் ஒன்றும் குறையவில்லை.

பன்னி சோவ் விஷயத்துக்கு வருகிறேன். (தமிழ்நாட்டு விருந்தாளிகள் பெயரைக் கேட்டதும் திடுக்கிடுவார்கள். பன்றி இல்லை ஐயா, பனியா வணிகர்களிடமிருந்து வந்த பெயர் என்பார்கள்.) ரொட்டியின் நடுவைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தருவது. ரொட்டியில் 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் சோடியத்துக்கு (உப்பின் எடையில் சுமார் 40 சதவீதம் சோடியம்) மேல் போகக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் அந்த வரம்பைத் தொடும் 700 கிராம் ரொட்டியில் பாதியைத் தின்றால், குழம்பைச் சேர்க்காமலே 3 கிராமுக்கு மேல் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தம்பி வாரத்தில் மூன்று நாள் அரை ரொட்டி வாங்குவான். அலுவலக மேசையிலேயே உட்கார்ந்து தின்பான்.

"நடங்கள்" என்று டாக்டர் சொல்வது சுலபம். மின்வேலிக்குள் வாழும் ஊரில் இருட்டிய பிறகு யார் நடப்பது? இந்தப் பயம் நியாயமானது, கிண்டல் செய்ய மாட்டேன். அதனால் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் அவனைக் காரில் ஏற்றிக் கடற்கரை நடைபாதைக்குக் கூட்டிப்போகிறேன். முதல் வாரம் முணுமுணுத்தான். இப்போது என்னை முந்திப் போகிறான்.

"எங்களால் முடியாது அண்ணா" என்ற பேச்சைத்தான் நான் ஏற்க மாட்டேன். முப்பது நாள் கறியையும் குடியையும் ஒதுக்கிவைக்கிற ஜனம் நாம். சாமிக்காகச் செய்வதில் நூற்றில் ஒரு பங்கை நெஞ்சுக்காகச் செய்ய என்ன கேடு?

தம்பி மனைவி ஒரு காரியம் செய்தாள். நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்வதை முதல்முறையாக உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லி என்று எனக்கு ஃபோன் செய்தாள். குரலில் கோபம், யார் மீது என்று தெரியவில்லை. இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் 2 லிட்டர் எண்ணெய் பாட்டில் நிற்கிறது. மூடியில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதியிருக்கிறாள்.