எச்டி 800 குத்துகிறது என்றால் காதைக் குறை சொல்லாதீர்கள்

அண்ணா, "சென்ஹைசர் எச்டி 800 ஹெட்போன் காதைக் குத்துகிறது என்பவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை, நல்ல ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) வாங்கினால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி நம் மொரிசியஸ் பிள்ளைகள் யாரும் ஆம்புக்குப் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது.

2009இல் வந்த அந்த ஹெட்போனில் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே, அதாவது கூர்மையான மேல் ஒலிகளில், சத்தம் தூக்கலாக வரும் ஒரு மேடு உண்டு; அளவீடுகளிலேயே தெரியும். பின்னால் வந்த எச்டி 800 எஸ் மாடலில் அதைத் தணிக்கவே சென்ஹைசர் உள்ளே அந்த ஒலியைக் குறைக்கும் ஓர் உறிஞ்சியை வைத்தது. இல்லாத குறையையா திருத்தினார்கள்? ஆம்பால் இது போகாது. 300 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) உள்ள இந்த ஹெட்போனுக்கு வேண்டிய வோல்டேஜைத் தருவதுதான் ஆம்பின் வேலை. சில வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்புகளில் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு, அதிகம் என்பதால் பேஸ் (தாழ்ந்த ஒலி) கொஞ்சம் ஏறும். மேல் ஒலிகளில் உள்ள அந்த மேடு அப்படியே நிற்கும். ஈக்வலைசரில் (ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) அந்த இடத்தைச் சில டெசிபெல் குறைத்துப் பாருங்கள், செலவே இல்லை.

சரி, உங்களுக்குக் குத்தவில்லை என்பதையும் நம்புகிறேன். காதுமடலின் வடிவம், வயது, வைக்கும் சத்தம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கேட்கும் இசையும் முக்கியம். காவடி ஊர்வல நாதஸ்வரத்தைக் கிட்டத்தில் பதிந்திருந்தால் இதில் கூர்மையாகத்தான் வரும்; மேல் அதிர்வெண் குறைந்த பழைய பதிவுகள் இதமாக இருக்கும். கேட்டுப் பார்க்காமலே வரவழைக்கும் ஆட்களுக்கு இந்த இரண்டு அனுபவமும் தெரிய வேண்டும், அண்ணா.