சம்பளம் வாங்கிய பாடகிகள்
18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அரசவைகளில் சம்பளம் ஆண்களுக்குத்தான், பெண்களுக்கு இசை வெறும் பொழுதுபோக்கு என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அன்னா மக்டலேனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வைசன்ஃபெல்ஸ் அரசவையில் டிரம்பெட் வாசித்தவரின் மகள். 1721 டிசம்பரில் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக்கை மணப்பதற்கு முன்பே கோத்தன் அரசவையில் சம்பளம் வாங்கிய பாடகி அவர். மன்ஹைமில் வென்ட்லிங் குடும்பத்தில் டொரோதேயா, எலிசபெத் இருவருமே அரசவைப் பாடகிகள். 1781இல் மொசார்ட்டின் இடோமெனேயோ என்ற ஓபரா (இசை நாடகம்) முதலில் மேடையேறியபோது முக்கியப் பெண் வேடங்கள் இரண்டும் அவர்களுக்குத்தான். பிறகு ஏன் இவர்கள் பெயர் நிலைக்கவில்லை என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்னா விஷயத்தில் எனக்குத் தெரிந்த காரணம், 1723இல் குடும்பம் லைப்சிக் போனதுதான். அங்கே தேவாலயத்தில் பெண்கள் பாடக்கூடாது, சிறுவர்கள்தான் பாடினார்கள். நிரந்தர வேலை போனது, ஆனால் இசை போகவில்லை. செல்லோ என்ற பெரிய வில் வாத்தியத்துக்காகக் கணவர் எழுதிய இசைத் தொகுப்புகளைப் படியெடுத்தார். பாக்கின் மூலப் பிரதி தொலைந்துவிட்டதால் இன்று நமக்கு முக்கிய ஆதாரமே அந்தப் பிரதிதான். எத்தனை சுரங்களை ஒரே வில்லிழுப்பில் வாசிப்பது என்று காட்டும் வளைகோடுகள் அதில் பல இடங்களில் தெளிவாக இல்லை. செல்லோ வகுப்பில் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்ததும் அந்தக் கோடுகளை வைத்துத்தான். 1760இல் அன்னா தர்மப் பணத்தில் வாழ்ந்து இறந்ததைக் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.