‘சும்மாதான் இருக்கேன் பாப்பா’ என்றால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்

டெல்டா கிராமங்களுக்கு மாணவிகளைக் களஆய்வுக்கு அழைத்துப்போகும் பேராசிரியர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

வினாப்படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டம் வரும். “வீட்ல சும்மாதான் இருக்கேன் பாப்பா” என்பார் அக்கா. மாணவி ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்த அக்காவின் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வெளுத்துக் கிடக்கும். குறுவைக்கும் நட்டு, சம்பாவுக்கும் நட்டு, களையும் பறித்த கால் அது.

கேட்ட விதம்தான் கோளாறு. “நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க, அப்புறம்?” என்று தொடங்கி, படுக்கும்வரை அரைமணி அரைமணியாகக் கேளுங்கள். பக்கத்திலேயே இரண்டாவது கட்டம் ஒன்று வேண்டும்; அடுப்பில் உலை கொதிக்கும்போதே இடுப்பில் பேரப்பிள்ளை இருக்கும், இரண்டும் வேலைதான். 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் அரைமணிக் கணக்கில்தான் கேட்டது. கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவது அப்படித்தான் வெளியே வந்தது.

ஆனால் ‘இந்தக் கேள்வி இங்கே செல்லாது மேடம்’ என்று சொல்ல அந்த மாணவிக்கு வாய் இருக்கிறதா? பெண்ணிய ஆய்வு என்று தலைப்பில் போட்டுவிட்டு, கேள்வியைத் துறை அறையில் தயாரித்து, மாணவிகளைக் கட்டம் நிரப்ப மட்டும் அனுப்பினால், கைடுக்கும் மாணவிக்கும் நடுவில் உள்ள அதே மேல்கீழ்தான் தெருவிலும் போய் உட்காரும். முதலில் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். மறுநாள் முழுவதும் படிவத்தைத் திருத்தவே ஒதுக்குங்கள். எந்தக் கேள்வியையும் அடித்துவிட மாணவிக்கு உரிமை கொடுங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும், பஸ் காசும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுகிறவரே ‘விருப்பமிருந்தா வாங்க’ என்று கூப்பிட்டால் யாரால் மறுக்க முடியும்? மதிப்பெண்ணை வேறு ஆசிரியர் போடட்டும்.

ஊருக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதும் முக்கியம். நிலக்காரர் வீட்டுத் திண்ணையில் மோர் குடித்துவிட்டுக் காலனித் தெருவுக்குப் போனால், கூலி பற்றிய கேள்விக்குப் பதில் அங்கேயே முடிவாகிவிட்டது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் சிலர் வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். அவர்கள் தெருவில், அவர்கள் வாசலில், அவர்களோடு தரையில் உட்காருங்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிடைப்பார்கள்தான். மேற்பார்வை பார்ப்பவரும் அங்கேயே நிற்பாரே.

நோட்டும் போனுமாக நாலு பேர் தெருவில் நுழைந்தால் குழுக்கடன் வசூலுக்கு வந்தவர்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அங்கே போய்க் கையெழுத்து, கைரேகை கேட்டால் பயம் வராதா? சம்மதத்தை அவர்கள் குரலிலேயே வாங்குங்கள். வேண்டாமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நடவு மும்முரத்தில் போகாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்தால் அரைநாள் கூலி கொடுங்கள். காசு கொடுத்தால் பதில் கெட்டுப்போகும் என்பார்கள். அதே ஒரு மணி நேரத்துக்குப் பேராசிரியருக்குச் சம்பளம் வருகிறது, அதனால் ஆய்வு கெட்டதாக யாரும் சொல்லவில்லை.

“நீ யாரு வீட்டுப் பொண்ணு?” என்று மாணவியிடம் சாதி விசாரிப்பு நிச்சயம் நடக்கும். என்ன சொல்வது, சொல்லாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். கழிப்பறை எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே விசாரித்துவையுங்கள்.

எழுதி முடித்ததும், சமர்ப்பிக்கும் முன்பு, அதே தெருவில் வாசித்துக் காட்டுங்கள். பெயரை மாற்றியது மட்டும் போதாது. ‘புருஷன் திருப்பூரில், மூன்று பெண்பிள்ளைகள், தெருக்கோடி ஓட்டு வீடு’ என்று எழுதினால் யாரென்று ஊருக்கே தெரியும். “அதை எடுத்துடு பாப்பா” என்று ஒருவர் சொன்னால், ஆய்வேட்டிலேயே சிறந்த பத்தி அதுவாக இருந்தாலும், அவர் கண்ணெதிரே அடித்துவிடுங்கள்.