தண்ணீர் துப்பும் கம்ப்ரசர்

பினாங்கின் பிறை வட்டாரத்தில் கார் பெயின்ட் அடிக்கும் பட்டறை எங்களுடையது. கம்ப்ரசரில் வருவது காற்றா, குழாய்த் தண்ணீரா என்றே தெரியவில்லை. பினாங்குக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. அதை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு (சுமார் 1 பார்) மேல் இன்னும் 7 பார் அமுக்கினால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அதிலிருந்த ஈரம் எங்கே போகும்? ஆறியதும் தண்ணீராக இறங்கும், ஸ்ப்ரே கன் வழியாக வந்து பானட்டில் கொப்புளம் போடும்.

காற்றை உலர்த்தும் டிரையர் கேட்டால், "ஃபில்டர்தான் மாட்டியிருக்கே தம்பி" என்கிறார் முதலாளி. ஃபில்டர் துளியைத்தான் பிடிக்கும், ஆவி தாராளமாகத் தாண்டிப் போய்விடும். காற்றை 3 டிகிரி வரை குளிரவைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் டிரையர் வேண்டும், ஐயா! அதற்குக் காசில்லை. அவர் அறைக்கு மட்டும் புது ஏர்கோன். சரி, தேங்கிய தண்ணீரை வெளியேற்ற டேங்க் அடியில் இருக்கும் வால்வையாவது தினமும் யாராவது திறந்துவிடுகிறார்களா? அதற்கும் நான்தான்.