தடை எங்கே இருக்கிறது?

ஒருவர் "அயர்லாந்தில் ஐரிஷ் பேசும் ஊர்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே தடை செய்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை.

2016 அக்டோபரில் கேல்டாக்ட் கல்விக்கொள்கை வெளியானது. கால்வே, டோனகல், கெர்ரி மாதிரி மாவட்டங்களில் ஐரிஷ் பேசும் பகுதிகளுக்குத்தான் கேல்டாக்ட் என்று பெயர். அங்கேயும் இந்தக் கொள்கையின்படி கேல்டாக்ட் பள்ளி என்ற அங்கீகாரம் பெறும் திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்பது பள்ளியின் விருப்பம். சேர்ந்தால், தொடக்கப்பள்ளியின் முதல் 2 வருடம் எல்லாமே ஐரிஷில். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது உட்பட! (பள்ளியில் படித்த ஐரிஷ் மொத்தமும் மறந்தவர்களுக்குக்கூட அந்த ஒரு வாக்கியம் மறக்காது என்று அயர்லாந்தில் ஒரு கேலி உண்டு.) அப்புறம் ஆங்கிலப் பாடம் வந்துவிடும். இதைத் தடை என்றால் எப்படி?

இன்னொன்று, இதையெல்லாம் கண்காணிப்பது 'கோக்' (COGG) என்ற ஐரிஷ் வழிக் கல்வி அமைப்பு என்றும் சொல்லியிருக்கிறார். அதுவும் சரியில்லை. 2002-இல் வந்த அந்த அமைப்பு ஆலோசனை சொல்லும், பாடப்பொருள் தயாரிக்கும், ஆய்வு செய்யும். ஒரு பள்ளிக்கு அந்த அங்கீகாரம் தருவது கல்வித்துறை. வகுப்புக்குள் போய்ப் பார்ப்பது அந்தத் துறையின் ஆய்வாளர்கள்.

டப்ளினில் இருக்கும் கேல்ஸ்கோயில்கள் வேறு கதை. அவையும் ஐரிஷ் வழிப் பள்ளிகள்தான், ஆனால் கேல்டாக்டுக்கு வெளியே இருப்பவை. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.