கனசதுரம் பழைய கதையா?
சுற்றிலும் மேலும் கீழும் எல்லாம் தெரியும் 360 டிகிரி படங்களுக்குக் கோள வடிவமே (முழுக் காட்சியையும் ஒரே தட்டைப் படமாக விரிப்பது) போதும், கனசதுரம் (அதையே ஆறு சதுர முகங்களாகப் பிரிப்பது) பழைய கதை என்கிறது ஒரு கட்டுரை. சேமிக்க, பகிர 2:1 அளவில் (உயரத்தைப் போல இரு மடங்கு அகலம்) ஒரே கோளப் படக் கோப்பு வசதிதான், சரி. ஆனால் திருத்த உட்கார்ந்து பாருங்கள்: கேமராவுக்கு அடியில் நிற்கும் முக்காலி, படத்தின் கீழ்விளிம்பு முழுக்க இழுபட்டுக் கிடக்கும். அதையே ஆறு முகங்களாகப் பிரித்தால், கீழ்முகத்தில் சாதாரணப் போட்டோ போல நேராகத் தெரியும். போட்டோஷாப்பில் பக்கத்துத் தரையை எடுத்து மூடிவிட்டு, அப்புறம் திரும்பக் கோளமாக்கிக்கொள்ளலாம். ஓரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள், அடுத்த முகத்தோடு கோடு சேராது.

பிரிக்கும்போது ஒரு முகத்தின் அளவுக்குப் பலர் கோளப் படத்தின் அகலத்தை நான்கால் வகுத்துவிடுகிறார்கள். முகத்தின் நடுவில் கூர்மை போய்விடும். 3.1416 ஆல் வகுக்க வேண்டும். 8000 பிக்சல் அகலத்துக்கு ஒரு முகம் சுமார் 2546 பிக்சல்.