அம்பிளிபயருக்குக் கொட்டும் காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கள்

வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலம் லட்சக்கணக்கில் கொடுத்து அம்பிளிபயர் எடுப்பிக்கலாமா என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: வேண்டாம். உள்ளங்கையளவு ‘கிளாஸ் டி’ வகை அம்பிளிபயர் யாழ்ப்பாணத்து வீட்டு ஹோலுக்குத் தாராளமாகப் போதும். இதைச் சொன்னால் பழைய ஆட்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. பாரமே இல்லாத சாமானில் சத்தம் எப்படித் திறமாக வரும் என்கிறார்கள்.

அந்தப் பாரம் ஏன் வந்தது என்று பார்த்தால் விளங்கும். பழைய பாரச் சாமான்களின் ‘கிளாஸ் ஏபி’ வகையில் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த நிலையில் வேலை செய்வதால், எடுக்கும் கரண்டில் பெரும்பங்கு சூடாகவே போகிறது. அந்தச் சூட்டை வெளியே விடத்தான் அவ்வளவு பெரிய உலோக ஹீட்சிங்க். கிளாஸ் டியில் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும், இல்லையேல் முழுதாக மூடும். அதுவும் செக்கனுக்கு லட்சக்கணக்கான தடவை. பிறகு ஒரு கம்பிச்சுருளும் கப்பாசிற்றரும் அந்த வெட்டுகளை வடித்துவிட்டு இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். நல்ல சத்தத்தில் எடுக்கும் கரண்டில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே போய்ச் சேரும். எங்கள் சித்திரை வெக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இது மலிவுக்கு மட்டும் உரிய வழியும் இல்லை. விலை கூடிய நாட் (NAD) எம்33 அம்பிளிபயருக்குள் இருப்பதும் பியூரிஃபை (Purifi) கம்பெனியின் கிளாஸ் டிதான். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான புரூனோ புட்சீஸ் முன்பு பிலிப்ஸில் இதே துறையில் வேலை செய்தவர்.

ஆனால் மலிவுச் சாமானின் பெட்டியில் போட்டிருக்கும் கணக்கை நம்பாதீர்கள். '300 வாட்ஸ், இரண்டு பக்கம்' என்று இருக்கும். கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 32 வோல்ட், 5 அம்பியர். பெருக்கினால் 160 வாட்ஸ். 160 உள்ளே போய் 600 எப்படித் தொடர்ந்து வெளியே வரும்? இப்படியான சாமான்களுக்குள் வரும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஏ3255 சிப்புக்குச் சொல்லப்படும் 315 வாட்ஸும் 10 சதவீத விகாரத்தில், அதாவது சத்தம் அந்தளவுக்குச் சிதையும் நிலையில், அளந்தது. அந்த விகாரத்தில் நாதஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. மின்தடை 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ஸ்பீக்கர், மண்டபம் போன்ற பெரிய இடம் என்றால் வலுவான அம்பிளிபயர் வேண்டும்தான். அதை நான் மறுக்கவில்லை.

வீட்டில் அப்படி இல்லை. 1987இல் ஸ்டீரியோ ரிவியூ சஞ்சிகை எது ஓடுகிறது என்று காட்டாமல் கேட்க வைத்தபோது, மலிவையும் விலை கூடியதையும் கேட்டவர்களால் நம்பத்தகுந்த விதத்தில் பிரித்தறிய முடியவில்லை. இங்கே கடையில் ஒப்பிட்டுக் காட்டும்போது ஒன்றின் சத்தம் சற்றுக் கூட இருக்கும். காது அதையே நல்லது என்று எடுத்துக்கொள்ளும். சத்தத்தை அளக்கும் கணக்கில் ஒரு டெசிபெல் வித்தியாசமே போதும். மல்டிமீற்றரை ஸ்பீக்கர் முனைகளில் வைத்து இரண்டிலும் ஒரே வோல்ட் வரும்படி திருகிவிட்டு, பிறகு கேளுங்கள்.

உண்மையில் காதில் படும் வித்தியாசம் ஸ்பீக்கரும் அறையும்தான். எங்கள் ஹோலில் தரை டைல்ஸ், சுவர் வெறும் சீமெந்து. தட்சிணாமூர்த்தியின் தவிலைப் போட்டால் ஒரு அடி ஓய்வதற்குள் அதன் எதிரொலி அடுத்த அடியில் ஏறிவிடுகிறது. எந்த அம்பிளிபயரும் இதைத் தீர்க்காது. தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு, புத்தக அலுமாரி தீர்க்கும்.

விலை கூடிய அம்பிளிபயர் வைத்திருப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தால் கீழே எழுதுங்கள். ஒரு ஞாயிறு என் சின்னனையும் உங்களுடையதையும் துணியால் மூடி, சத்தத்தைச் சமப்படுத்தி, எல்லாரும் இருந்து கேட்போம். மல்டிமீற்றர் நான் கொண்டு வருகிறேன்.